ஹுசேன் சாகரின் கண்ணாடியிழைப் படகுகள்: ஒரு பழுதுபார்ப்பின் வரலாறு

ஐதராபாத்துக்கும் செகந்திராபாத்துக்கும் நடுவில் கிடக்கும் ஹுசேன் சாகர் ஏரி, கோல்கொண்டாவை ஆண்ட இப்ராகிம் குலி குதுப் ஷாவின் காலத்தில், 1562-ஐ ஒட்டி, மூசி ஆற்றின் துணையோடை ஒன்றுக்குக் குறுக்கே கரை எழுப்பி உருவாக்கப்பட்டது. வேலையை முன்னின்று நடத்திய ஹுசேன் ஷா வலியின் பெயரே ஏரிக்கு நிலைத்தது. 1908-இல் மூசி பெருக்கெடுத்து நகரை அழித்த பிறகு, வெள்ளத்தைத் தடுக்கவும் குடிநீர் சேமிக்கவும் உஸ்மான் சாகரும் ஹிமாயத் சாகரும் கட்டப்பட்டன. அவை 1920-களில் பயனுக்கு வரும்வரை நகரின் முதன்மையான நீர்த்தேக்கம் ஹுசேன் சாகர்தான். அதன் பரப்பு இன்று ஏறத்தாழ 5.7 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் சுமார் 32 அடி.

அருகிலுள்ள கடற்கரை 250 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க, தக்காணப் பீடபூமியில், கடல் மட்டத்துக்கு 500 மீட்டருக்கு மேல் அமைந்த இந்த நீர்ப்பரப்பில் பாய்மரப் படகோட்டம் வேரூன்றியது. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று பீடபூமியைக் கடந்து வீசும்போது, திறந்த ஏரியின் மேல் அது சிறு படகுகளை விரட்டும் வேகம் பெறுகிறது. மற்றொன்று, படைமுகாம். நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரால் 1806-இல் எழுந்த செகந்திராபாத் கன்டோன்மென்ட், விளையாட்டுக்கு நேரமும் ஆளும் ஒழுங்கும் கொண்ட ஒரு சமூகத்தை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தது. இன்றும் ஏரியின் படகுப் பந்தயங்களில் முன்னிற்பவை செகந்திராபாத் செய்லிங் கிளப்பும், ராணுவத்தின் இ.எம்.இ. செய்லிங் அசோசியேஷனும்தான். இவை லேசர் வகைப் படகுகளின் சங்கத்தோடு சேர்ந்து மழைக்காலத்தில் நடத்தும் ஐதராபாத் செய்லிங் வீக், நாட்டின் முக்கியமான படகுப் போட்டிகளில் ஒன்று.

பந்தயங்களுக்கு வென்றவர் பட்டியல் இருக்கிறது. ஆனால் அந்தப் படகுகள் ஒவ்வொரு பருவத்திலும் மீண்டும் நீரில் இறங்க முடிந்தது, கரையில் நடந்த வேறொரு வேலையால். விரிசலைத் தேய்த்து, மேட் எனப்படும் கண்ணாடியிழை விரிப்பை வைத்து, ரெசின் ஊற்றி, உப்புத்தாள் போட்டு மீட்டெடுக்கும் அந்த வேலையின் வரலாறு, டிங்கி எனப்படும் சிறு பாய்மரப் படகின் வரலாற்றோடு பிரிக்க முடியாதபடி கலந்தது.

மரப்பலகைக் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனில் டிங்கி ஓட்டம் பணக்காரர்களின் வட்டத்தைத் தாண்டி நடுத்தர மக்களிடம் பரவியது. போர்விமானங்களுக்காக வளர்ந்த நீர்தாங்கும் ஒட்டுப்பலகையும் பசையும் இதற்கு வழிசெய்தன. ஜாக் ஹோல்ட் 1949-இல் ஜி.பி.14 படகையும், 1956-இல் எண்டர்பிரைஸ் படகையும் வடிவமைத்தார். எண்டர்பிரைஸை நியூஸ் கிரானிக்கிள் நாளிதழ் மக்களிடம் கொண்டு சென்றது. அறிமுகத்துக்காக இரண்டு படகுகள் இரவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்தன. நான்கு மீட்டர் நீளமுள்ள இந்த நீலப்பாய்ப் படகு, இந்தியச் சங்கங்களில் ஒரு தலைமுறைக்கு மேல் பாடசாலையாகவும் பந்தயக் குதிரையாகவும் இருந்தது. பீட்டர் மில்ன் 1962-இல் வரைந்த ஃபயர்பால் படகில்தான் 1982 ஆசிய விளையாட்டில், பம்பாய்க் கடலில், ஃபரோக் தாராபூரும் ஜரீர் கரஞ்சியாவும் தங்கம் வென்றனர்.

இந்த வடிவங்கள் எல்லாம் முதலில் ஒட்டுப்பலகைக்காக வரையப்பட்டவை. பலகைப் படகைப் பழுதுபார்ப்பவர் தச்சர். உடைந்த பலகையைச் சாய்வாகச் சீவி, அதே சாய்வில் புதிய துண்டை ஒட்டி, வார்னிஷ் பூசினால் படகு தயார். ஐதராபாத் போன்ற இடத்தில் இது ஓயாத வேலை. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 பாகையைத் தாண்டி, காற்றின் ஈரம் குறையும்போது மரம் சுருங்கும், வார்னிஷ் உரியும், ஒட்டுப்பலகையின் விளிம்புகள் பிளக்கும். ஜூனில் மழை தொடங்கியதும் அந்தப் பிளவுகளில் நீர் இறங்கி மரம் உப்பும். சுருங்குவதும் உப்புவதும் ஆண்டுதோறும் நடப்பதால், பலகைப் படகு ஒவ்வொரு கோடையிலும் தச்சரின் கைக்குப் போயாக வேண்டும்.

கண்ணாடியிழை வந்த கதை

1930-களில் அமெரிக்காவில் உருகிய கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்கும் முறை கைகூடியது. 1932-இல் டேல் கிளெய்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளரின் சோதனையில், அழுத்தக் காற்று உருகிய கண்ணாடி மீது பட்டு அது நுண்ணிழைகளாகச் சிதறியது அந்தத் தேடலின் திருப்பம். 1938-இல் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் தோன்றி இழையைப் பெருமளவில் உற்பத்தி செய்தது. அதே பத்தாண்டில் கார்ல்டன் எல்லிஸ் உருவாக்கிய பாலியெஸ்டர் ரெசின்கள், உயர் அழுத்தமும் உலையும் இல்லாமல் திரவம் திடப்பொருளாக மாறும் வழியைத் திறந்தன. இவ்விரண்டையும் இணைத்து ஓஹியோ மாநிலத்தின் டொலிடோ நகரில் ரே கிரீன் 1942-இல் ஒரு டிங்கியைக் கட்டினார். கண்ணாடியிழை பாய்மரப் படகின் வரலாறு அங்கிருந்து கணக்கிடப்படுகிறது.

போர் முடிந்ததும் இந்தப் பொருள் படகுத்துறைகளுக்கு வந்தது. ஒரே அச்சிலிருந்து ஒரே அளவில் எத்தனை படகும் எடுக்கலாம்; மரம் தேட வேண்டாம்; தேர்ந்த தச்சர்கள் கூட்டம் வேண்டாம். பந்தயத்துக்கு இது பெரும் வரம். படகுகள் ஒன்றுபோல் இருந்தால் வெற்றி ஓட்டுபவரின் திறமையைச் சார்ந்ததாகும். கனடாவின் புரூஸ் கர்பி 1969-இல் வரைந்து, 1971-இல் சந்தைக்கு வந்த லேசர் இந்த எண்ணத்தின் முழு வடிவம்: நீளம் 4.2 மீட்டருக்குச் சற்று மேல், வெற்று உடலின் எடை சுமார் 59 கிலோ, ஒரே பாய், ஒரே ஆள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது நுழைந்தது. சிறுவர்களுக்காக 1947-இல் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் ஒட்டுப்பலகையில் வடித்த ஆப்டிமிஸ்ட்டும் காலப்போக்கில் கண்ணாடியிழைக்கு மாறியது. 35 கிலோ எடையுள்ள அந்தப் பெட்டிப்படகில்தான் இன்று உலகெங்கும் பல படகோட்டிகள் கற்கத் தொடங்குகிறார்கள்.

இந்தியாவில் கண்ணாடியிழை உற்பத்தி 1960-களில் வேர்விட்டது; பில்கிங்டன் நிறுவனத்தின் கூட்டில் பம்பாயில் 1962-இல் நிறுவப்பட்ட ஃபைபர்கிளாஸ் பில்கிங்டன் அதன் முன்னோடி. இழையும் ரெசினும் உள்நாட்டில் கிடைக்கத் தொடங்கியதும் கூரைத்தகடு, தொட்டி, பேருந்தின் முகப்பு என அவை பரவின. தமிழ்நாட்டுக் கடற்கரையில் இதன் விளைவு இன்னும் பெரியது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் கீழ் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைமோதும் திறந்த கரையில் இறங்கி ஏறும் மீன்பிடிப் படகுகளைக் கண்ணாடியிழையில் வடித்துச் சோதித்தது. யாழ்ப்பாணத்தின் காரைநகரில் நோர்வே உதவியோடு 1960-களின் பிற்பகுதியில் எழுந்த சீநோர் படகுத்துறை, ஈழத்து மீனவர்களுக்கு ஃபைபர் படகை அறிமுகப்படுத்தியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையில் இழந்த கட்டுமரங்களுக்கும் வள்ளங்களுக்கும் பதிலாக வந்தவற்றில் பெரும்பகுதி ஃபைபர் படகுகளே. அவசரத்தில் கட்டப்பட்ட பலவற்றின் தரம் சீராக இல்லை. அதன் விளைவாகக் கடலோர ஊர்களில் மேட்டும் ரெசினும் விற்கும் கடைகளும், படகுக்கு ஃபைபர் ஒட்டும் தொழிலாளர்களும் பெருகினர்.

ஐதராபாத்தில் இந்தப் பொருள் வேறொரு முகத்தோடும் வளர்ந்தது. 1983-இல் தொடங்கிய ஏவுகணைத் திட்டத்துக்காக நகரின் பாதுகாப்பு ஆய்வகங்கள் இழையும் ரெசினும் கலந்த பொருள்களில் தேர்ச்சி பெற்றன. அந்தத் திட்டத்தை வழிநடத்திய அப்துல் கலாம், ராமேஸ்வரத்தில் தம் தந்தை கடற்கரையில் மரப்படகு கட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர். தும்பா ராக்கெட் தளத்தில் இளம் பொறியாளராக இருந்தபோதே கண்ணாடியிழைப் பிளாஸ்டிக்கில் வேலை செய்தவர். அக்னி ஏவுகணைக்காக உருவான எடை குறைந்த கலவைப் பொருளைக் கொண்டு, நிஜாம் மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் எலும்பு மருத்துவர்களுடன் இணைந்து, கால் ஊனமுற்ற குழந்தைகளுக்கான தாங்கிகள் செய்யப்பட்டன. மூன்று கிலோவைத் தாண்டிய உலோகத் தாங்கியின் இடத்தில் சுமார் 300 கிராம் எடையுள்ளது வந்தது. ஏரிக்கரையில் ஒரு டிங்கியின் ஓட்டையை அடைப்பதும், ஆய்வகத்தில் ஒரு குழந்தையின் காலைத் தாங்குவதும் ஒரே அறிவின் இரண்டு பயன்கள்.

படகின் உடற்கூறு

பழுதுபார்ப்பைப் புரிந்துகொள்ளக் கட்டுமானத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கண்ணாடியிழை டிங்கி வெளியிலிருந்து உள்ளே கட்டப்படுகிறது. மெழுகு பூசிப் பளபளப்பாக்கிய அச்சுக்குள் முதலில் அரை மில்லிமீட்டர் அளவுக்கு ஜெல்கோட் தெளிக்கப்படும். படகின் நிறமும் வழவழப்பும் அதுதான். அது இறுகும் தறுவாயில் இழை மேட்டை வைத்து ரெசினால் நனைத்து, உருளையால் காற்றை வெளியேற்றுவார்கள். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள ஒரு மேட், ரெசினோடு சேர்ந்து ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம் தரும். மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் அதற்கு வேண்டும்.

அடியுடல் ஓர் அச்சிலும், மேல்தளமான டெக் வேறோர் அச்சிலும் உருவாகி, விளிம்பில் பசையால் ஒட்டப்படுகின்றன. டெக்கின் பெரும்பகுதி இரண்டு மெல்லிய இழைத்தோல்களுக்கு நடுவே நுரைப்பலகை வைத்த அடுக்கு. ஓட்டுபவரின் உடல் எடையை வளையாமல் தாங்குவது அதன் வேலை. பாய்மரம் பொருந்தும் குழி, நடுப்பலகை இறங்கும் பிளவு, சுக்கான் மாட்டும் பின்பலகை ஆகிய மூன்றும் விசை குவியும் இடங்கள். பழைய படகில் பழுது தேடுபவர் முதலில் பார்ப்பதும் இவற்றைத்தான்.

லேசரில் பாய்மரக் குழியின் அடி முதலில் பலவீனமாகும். பாய்மரம் திரும்பும்போதெல்லாம் குழியில் தங்கிய மணலும் நீரும் அடியைத் தேய்க்கின்றன. குழியில் தண்ணீர் நிரப்பி மட்டம் குறைகிறதா எனப் பார்ப்பது எளிய சோதனை. குறைந்தால் நீர் உடலுக்குள் போகிறது என்று பொருள். அதைப் புறக்கணித்து ஓட்டினால், பலத்த காற்றில் ஒருநாள் பாய்மரம் டெக்கையே கிழித்துக்கொண்டு சாயும்.

ஏரி செய்யும் சேதம்

கண்ணாடியிழைப் படகுக்குப் பராமரிப்பே வேண்டாம் என்ற நம்பிக்கையோடுதான் அந்தப் பொருள் விற்கப்பட்டது. அது அழுகாது, செல்லரிக்காது, துருப்பிடிக்காது என்பதெல்லாம் உண்மை. ஆனால் முதுமை அதற்கும் உண்டு. ஐதராபாத்தின் சூழல் அதைச் சில வழிகளில் விரைவுபடுத்துகிறது.

முதலாவது வெயில். புற ஊதாக்கதிர் ஜெல்கோட்டை வெளிறவும் சுண்ணாம்புபோல் பொடியவும் வைக்கிறது. இரண்டாவது நன்னீர். பாலியெஸ்டர் ரெசினில் எஞ்சியிருக்கும் நீரில் கரையும் பொருள்கள், ஜெல்கோட்டைக் கடந்து வரும் ஈரத்தோடு சேர்ந்து செறிந்த கரைசலாகி, வெளிநீரை உள்ளே இழுத்துக் கொப்புளம் உண்டாக்கும். உப்புக் கடலைவிட நன்னீரில் இந்தச் செறிவு வேறுபாடு அதிகம். வெதுவெதுப்பான நீர் அதை மேலும் தூண்டும். கரையேற்றி வைக்கப்படும் டிங்கிக்கு இந்த ஆபத்து குறைவு. எனினும் உடலுக்குள் தேங்கிய நீரை வடிக்காமல் மூடிவைத்தால், உள்ளிருந்து அதே சேதம் தொடங்கும். மூன்றாவது மோதல். இறக்குமிடத்தின் கல்லும் சிமென்டும், தள்ளுவண்டியின் விளிம்பும், பந்தயத்தில் மற்றொரு படகின் அணியமும் ஜெல்கோட்டில் நட்சத்திர வடிவ விரிசல்களை விட்டுச் செல்கின்றன.

நான்காவது, நீரின் தரம். நகரம் வளர வளர, குகட்பள்ளி ஓடை உள்ளிட்ட கால்வாய்கள் கழிவை ஏரியில் சேர்த்தன. உள்ளே புகும் அந்த நீரால் படகின் உட்புறம் ஈரமும் அழுக்குமாகிறது. ஒட்டும் முன் அதைச் சுத்தமாகக் கழுவிக் காயவைக்காவிட்டால் ரெசின் பிடிக்காது. கடலோரத்தில் உப்பைக் கழுவினால் போதும். இங்கே எண்ணெய்ப் படலத்தையும் பாசியையும் எடுக்க வேண்டும்.

கோடையில் ஒட்டு, மழையில் ஓட்டு

இத்தனை சேதமும் செய்யும் தட்பவெப்பமே பழுதுபார்ப்புக்கு ஒரு நாள்காட்டியையும் தருகிறது. பந்தயக் காற்று மழைக்காலத்தில். உலர்த்தும் காற்று கோடையில். ஈரம் ஏறிய உடலைக் காயவைக்க ஏப்ரல், மே மாதங்களின் வறட்சி உகந்தது. டெக்கின் ஆய்வு வாய்களைத் திறந்து, வடிகால் அடைப்பான்களைக் கழற்றி, நிழலில் காற்றோட்டமாகப் பல நாள் வைத்தால் உடல் எடை குறைவதை எடைபோட்டே காணலாம். ஆனால் அதே வெப்பம் ரெசினுக்கு அவசரம் தருகிறது. கலவை கிண்ணத்திலேயே இறுகிவிடும். விடியற்காலையில் ஒட்டுவது, சிறிதாகக் கலப்பது, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனரை ஒன்று முதல் இரண்டு சதவீதத்துக்குள் அளந்து சேர்ப்பது ஆகியவை கோடை வேலையின் விதிகள். ஜூனில் மழை இறங்கியதும் ஈரக்காற்று ஒட்டைக் கெடுக்கும் என்பதால், பருவமழைக்கு முன் வேலையை முடிக்கும் கட்டாயமும் உண்டு.

அளவில் தவறுவதைவிட ஆபத்தானது கலக்கும் வரிசையில் தவறுவது. பாலியெஸ்டரை இறுகச் செய்யும் பெராக்சைடு ஹார்டனரும், அதைத் தூண்டும் கோபால்ட் அக்சிலரேட்டரும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்ந்தால் தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் முழுவதும் கலந்த பின்னரே ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். கடையில் வாங்கும் ரெசினில் கோபால்ட் ஏற்கெனவே கலந்திருக்கிறதா எனக் கேட்டறிவதும் அவசியம். ரெசினிலிருந்து எழும் ஸ்டைரீன் ஆவி தலைவலியும் மயக்கமும் தருவதால் திறந்த வெளியும் முகமூடியும், உப்புத்தாளில் கிளம்பும் இழைத்தூள் தோலிலும் நுரையீரலிலும் குத்துவதால் கையுறையும் கண்ணாடியும் வேண்டும்.

கையும் செவியும்

பழுதுபார்ப்பு கேட்பதில் தொடங்குகிறது. ஒரு நாணயத்தால் டெக்கைத் தட்டிக்கொண்டே போனால், நல்ல இடத்தில் கூர்மையான ஒலி எழும். தோல் நுரையிலிருந்து பிரிந்த இடத்தில் அது மந்தமாக மாறும். மாறும் எல்லையைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வேலை தொடங்கும். சிறிய பிரிவு என்றால் மேல்தோலில் நுண்துளைகள் இட்டு, எப்பாக்ஸி என்ற வேறு வகை ரெசினைச் செலுத்தி, எடை வைத்து இறுகவிடுவார்கள். நுரையே ஊறிக் கெட்டிருந்தால் மேல்தோலைச் சதுரமாக வெட்டி எடுத்து, நுரையைச் சுரண்டி, புதிய நுரை வைத்து, தோலை மீண்டும் ஒட்ட வேண்டும்.

அடியுடலில் துளை விழுந்திருந்தால் சாய்வு தேய்ப்பதே வேலையின் உயிர். துளையின் விளிம்பிலிருந்து வெளிநோக்கி, தோலின் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்கு மெல்ல மெல்லச் சாய்வாகத் தேய்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர் கனமான தோலுக்கு முப்பத்தாறு மில்லிமீட்டர் சாய்வு. தேய்க்கத் தேய்க்க, வாழைத்தண்டை வெட்டினாற்போல் பழைய மேட் அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். இந்தச் சாய்வு ஏன் என்பதில்தான் கண்ணாடியிழை வேலையின் அடிப்படை இருக்கிறது. முதன்முறை கட்டும்போது ஈரமான அடுக்குகள் வேதியியல் முறையில் ஒன்றாகின்றன. இறுகி முடிந்த பழைய பரப்பின் மேல் புதிய ரெசின் ஒட்டும்போது அது பசையாக மட்டுமே பிடிக்கிறது. பசைக்கு வலு, பரப்பைப் பொறுத்தது. சாய்வு பரப்பைப் பெருக்குகிறது. துளைக்கு அளவாக ஒரு துண்டை மட்டும் அடைத்தால் முதல் அலையிலேயே அது கழன்றுவிடும்.

சாய்வு முடிந்ததும் அசிட்டோனால் துடைத்து, உட்புறம் தாங்குதட்டு வைத்து, பெரிய மேட்டிலிருந்து சிறியதுவரை அல்லது சிறியதிலிருந்து பெரியதுவரை அடுக்குவார்கள். இரண்டு முறைக்கும் ஆதரவாளர்கள் உண்டு. அடுக்குகளின் எண்ணிக்கையும் கனமும் பழைய தோலோடு ஒத்துப்போக வேண்டும் என்பதில் இரு தரப்பும் ஒன்றே. ஒரே மூச்சில் கனமாக அடுக்கினால் உள்வெப்பம் ஏறி ரெசினில் விரிசல் விழும். எனவே இரண்டிரண்டாக அடுக்கி ஆறவிடுவர். இறுதியில் பட்டி பார்த்து, ஜெல்கோட் பூசி, 220 முதல் 1000 வரையிலான உப்புத்தாள்களால் நீர்விட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் வேலை முடிகிறது. காற்று பட்டால் பாலியெஸ்டரின் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால், கடைசி ஜெல்கோட்டில் மெழுகுக் கரைசல் சேர்ப்பதோ மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடுவதோ வழக்கம். எப்பாக்ஸியால் ஒட்டிய இடத்தின் மேல் சாதாரண ஜெல்கோட் சரியாகப் பிடிக்காது என்பதால், எந்த ரெசின் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும்.

பாய்மரக் குழியைச் சரிசெய்வதில் கை எட்டாமைதான் சிக்கல். டெக்கில் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத்தை வெட்டி ஆய்வு வாய் பொருத்தி, அதன் வழியே குழியின் வெளிப்புறத்தைச் சுற்றி மேட்டும் எப்பாக்ஸியும் வைத்து வலுவூட்டுவார்கள். கண்ணுக்கு எதுவும் தெரியாத அந்த இடத்தில் விரல்நுனிதான் காற்றுக்குமிழியைக் கண்டுபிடிக்கும். வேலை முடிந்த படகைச் சோதிக்க, உடலுக்குள் மெல்லக் காற்றை ஊதி, விளிம்பெங்கும் சோப்பு நீர் தடவுவார்கள். நுரை எழும் இடத்தில் கசிவு. இயந்திரப் பம்பால் அழுத்தினால் ஒட்டே பிரிந்துவிடும். வாயால் ஊதும் அளவு போதும்.

பந்தயப் படகுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. பழுதுபார்க்கலாம்; வடிவத்தையோ எடையையோ தனக்குச் சாதகமாக மாற்றக் கூடாது. ஆகவே நல்ல பழுதுபார்ப்பு, படகு அச்சிலிருந்து வெளிவந்த நாளின் வடிவத்துக்கு அதைத் திருப்பிக் கொடுப்பது.

பழைய படகும் புதிய கைகளும்

இந்தக் கலை ஐதராபாத்தில் ஆழமாக வேர்பிடிக்கக் காரணங்கள் தெளிவானவை. லேசரைக் கட்ட உலகில் உரிமம் பெற்ற சில தொழிற்கூடங்களுக்கே அனுமதி. கப்பல் கட்டணமும் சுங்கமும் சேர்த்துத் துறைமுகத்திலிருந்து பீடபூமிக்கு வந்து சேரும் படகு விலை உயர்ந்தது. எனவே வந்த படகு நெடுநாள் உழைக்க வேண்டும். இ.எம்.இ. என்பது 1943-இல் உருவான, ராணுவத்தின் எந்திரங்களையும் கருவிகளையும் பழுதுபார்ப்பதையே கடமையாகக் கொண்ட படைப்பிரிவு. அதன் கல்லூரி செகந்திராபாத்தில் இருப்பதும், அதன் வீரர்கள் ஹுசேன் சாகரில் படகோட்டுவதும், கருவியைத் தானே பேணும் பழக்கத்தை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்தன.

2009-இல் சுஹைம் ஷேக் தொடங்கிய யாட் கிளப் ஆஃப் ஐதராபாத், ஏழைக் குடும்பங்களின் குழந்தைகளை ஆப்டிமிஸ்ட் படகில் ஏற்றியது. அவர்களுள் ஒருவராக வளர்ந்த பிரீத்தி கொங்கரா 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்தியாவுக்காகப் படகோட்டினார். ஐதராபாத்தைச் சேர்ந்த கடற்படை அதிகாரி ஐஸ்வர்யா பொட்டபதி, 2017 செப்டம்பர் முதல் 2018 மே வரை தாரிணி படகில் உலகைச் சுற்றிய ஆறு பெண்கள் குழுவில் ஒருவர். கோவாவில் கட்டப்பட்ட அந்த 56 அடிப் படகின் உடலும் மரத்தை நடுவில் வைத்துக் கண்ணாடியிழை போர்த்தியதுதான். தமிழ்நாட்டின் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டியவை லேசர் குடும்பப் படகுகள்.

ஒரு கண்ணாடியிழைப் படகைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதே இந்த வரலாறு எழுப்பும் கடைசிக் கேள்வி. மரப்படகு மண்ணோடு கலக்கும். இறுகிய பாலியெஸ்டர் உருகாது, கரையாது, மறுசுழற்சிக்கு எளிதில் இணங்காது. குப்பைமேட்டில் பல தலைமுறைகள் கிடக்கும். மாசால் ஏற்கெனவே திணறும் ஏரியின் கரையில் உடைந்த உடல்கள் குவிவதைத் தடுக்கும் நேரடியான வழி, அவற்றை மீண்டும் நீரில் இறக்குவது. பழுதுபார்க்கும் கைக்குத் தேவையான அறிவு, படகைக் கட்டும் கைக்குத் தேவையான அறிவிலிருந்து வேறல்ல. பழுதுபார்க்கத் தெரிந்தவர்கள் உள்ள ஊரில் படகுகளும் நிலைக்கும், ஓட்டமும் நிலைக்கும்.

ஆகவே படகுச் சங்கங்கள் வென்றவர் பட்டியலுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு படகுக்கும் ஒரு பழுதுப் பதிவேட்டையும் வைக்க வேண்டும். எந்த இடத்தில் எந்த ஆண்டு எந்த ரெசினால் எத்தனை அடுக்கு ஒட்டப்பட்டது, ஒட்டியவர் யார் என்பது அதில் இருக்க வேண்டும். பாய் கட்டக் கற்கும் குழந்தைகளுக்கு மேட் வெட்டவும் சாய்வு தேய்க்கவும் கற்றுத்தர வேண்டும். அடுத்த தலைமுறைக்குப் படகைக் கொடுப்பவர்கள், அதைக் காப்பாற்றும் தொழிலையும் சேர்த்தே கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.